அறுபத்தாறு

எல் ஆல்தோவில் காலை பத்து மணிக்கு முன்னால்
பிளாஸ்டர் காயாது, கையும் சொன்னபடி கேட்காது.
இன்று வந்தவை இரண்டு அச்சுகள்.
மேல்தாடை, கீழ்த்தாடை.
பெயர் செனோன் கயிசாயா, வயது அறுபத்தொன்று.
தொழில் என்ற இடத்தில்
மருத்துவர் கிறுக்கியிருந்தார்: டிராம்போன்.

மேலே ஒரு பல்கூட இல்லை. கீழே பன்னிரண்டு.
இல்லாத வரிசையை
இருக்கிற வரிசையிடம் கேட்டுக் கட்ட வேண்டும்.

சட்டம் ஒன்றுதான்:
மேல்வரிசை கீழ்வரிசையைக் கொஞ்சம் மூடி நிற்கும்
செருப்புப் பெட்டிக்கு மூடி போல.
இதன் மேடு அதன் பள்ளத்தில் இறங்கும்.
எந்தப் பல்லும் ஒரே பல்லின்மேல் உட்காராது,
பாதி இதன்மேல், பாதி பக்கத்ததன்மேல்.
ஒன்று விழுந்தாலும் இன்னொன்று தாங்கும்.
ஒற்றைத் துணையோடு இருப்பவை நான்கே நான்கு:
கீழே நட்டநடுவில் இரண்டு,
மேலே கடைக்கோடியில் இரண்டு.

இதை வகுப்பில் சொன்ன அன்று எனக்கு இருபத்து மூன்று.
எஃப்ராயீன் புவெனோஸ் ஐரெஸுக்குத்
தையல் வேலைக்குப் போய் ஏழாவது மாதம்.
நோட்டில் எழுதாமல் விட்ட ஒரே வரி அது.

மெழுகில் பதிந்து வந்த கடி தப்பு.
திருப்பி அனுப்பினேன். மறுபடியும் தப்பு, வேறு இடத்தில்.
மூன்றாம் முறை ஆளே வந்துவிட்டார்,
நான்கு மாடி ஏறி, வாத்தியப் பெட்டியோடு, மூச்சிரைக்க.

நாக்கு நுனியை அண்ணத்தின் பின்னால் மடக்குங்கள்,
எச்சிலை விழுங்குங்கள்,
தாடை தன் வீட்டுக்குத் தானே போய்விடும் என்றேன்.
போகவில்லை.
"எனக்கு வீடு ரெண்டு, செனியோரா.
சாப்பிடும்போது உள்ளே. ஊதும்போது வெளியே.
நாற்பது கார்னிவல் இப்படித்தான்
கீழ்த்தாடையைத் தள்ளித் தள்ளி..."
தள்ளியும் காட்டினார். வெறும் ஈறு. சிரிப்பு வரவில்லை.

புத்தகத்தில் உள்ளபடியே செய்தேன்.
நீலத்தாளை வைத்துத் தட்டச் சொன்னால்
எட்டுப் புள்ளி, எட்டும் ஒரே அழுத்தம்.
அறுபத்தாறு சொல்லுங்கள்.
செசென்டா இ செய்ஸ்.
மேலும் கீழும் ஒட்டாமல், ஆனால் ஒட்டுகிற தூரத்தில்
வந்து நின்றால்தான் அந்தச் சீழ்க்கை சுத்தமாக வரும்.
வந்தது. வறுத்த சோளம் கொடுத்தேன். மென்றார்.
பிறகு பெட்டியைத் திறந்தார்.

காற்று வந்தது. கொஞ்சம் எச்சில்.
முன்பற்கள் முட்டித் தட்டு பின்னால் பெயர்ந்து
நாக்கின்மேல் விழுந்தது.
அவர் ஒன்றும் சொல்லவில்லை. சில்லறையை எண்ணி வைத்தார்.
பல்லைக் கடித்துக்கொண்டு போனார் என்று எழுதலாம்,
ஆனால் கடிக்கக் கொடுத்ததே நான்தான்.

படிக்கட்டு வரை ஓடிப்போய்த் தட்டைத் திருப்பி வாங்கினேன்.
இரவு, ஹீட்டர் காலடியில்.
முன்பற்களின் உள்பக்கத்தை ஒரு தாள் கனம் தேய்த்தேன்.
இன்னொரு தாள்.
கீழ்வரிசை முட்டாமல் முன்னால் வழுக்கிப்போய்
விளிம்போடு விளிம்பு நிற்கும்வரை,
கடைவாய்ப்பற்கள் அப்போதும் விடாமல் பிடித்திருக்கும்வரை.
ஆசிரியர் பார்த்திருந்தால் மார்க்கைக் குறைத்திருப்பார்.

"இனிமேல் கறியை முன்பல்லால் கடித்து இழுக்காதீர்கள்,
நறுக்கிச் சாப்பிடுங்கள்."
"கறி ஞாயிற்றுக்கிழமைதானே" என்றார்.
ஊதிப் பார்க்கவில்லை. இங்கே வேண்டாமாம்.

வீட்டுக்குக் கேபிள் காரில் இறங்குகையில்
கீழே ஏதோ ஒரு முற்றத்தில் பித்தளை ஒத்திகை.
டிராம்போன் ஒன்றா நான்கா, இந்த உயரத்தில் தெரியாது.
வாயை மூடியிருந்தேன். பற்கள் தொடவில்லை.
சும்மா இருக்கும்போது யாருக்கும் தொடாது;
நடுவே இரண்டு மூன்று நூல்கண்டு... இல்லை, நூலிழை அளவு காலி.
நாள் முழுக்கச் சேர்த்தாலும்
மேலும் கீழும் கூடியிருப்பது அரைமணி தேறாது.
அதற்குத்தான் இத்தனை மேடும் பள்ளமும்.

அறுபத்தாறு, என்றேன்.
எதிர் இருக்கைப் பையன் காதிலிருந்து ஒயரை எடுத்தான்:
"என்ன அறுபத்தாறு?"