ஆறாம் பொருள்

துர்க்கு நகரில் எங்கள் துறை மூன்றாவது மாடியில்.
சன்னலுக்குக் கீழே இன்னொரு துறை:
ஆவுரா ஆற்றின் மஞ்சள் படகு வந்து முட்டும் இடம்.
அதற்குக் கட்டணம் கிடையாது.
யார் ஏறினாலும் எதற்கு என்று கேட்பதில்லை.
இங்கே கேட்பதுதான் வேலை:
ஒருவர் ஏன் திருடுகிறார், எந்த வயதில் நிறுத்துகிறார்,
பூட்டிவைத்தால் திருந்துகிறாரா,
திறந்துவைத்தால்.
நூலகத்தில் தண்டனைக்கு மட்டும் நான்கு அலமாரி.
மன்னிப்புக்கு ஒதுக்கவில்லை,
'இதர' என்ற அட்டையின் கீழ் பதினேழு நூல்.

நவம்பர், திங்கள். நான்கு மணிக்கே இருட்டு.
கூட்டக் குறிப்பு எழுதுவது நான்.
ஐந்தாம் பொருள், முதுகலைச் சேர்க்கை.
ஆறாம் பொருள், காப்பி டப்பா.

நீல பிஸ்கட் டப்பா, மூடியில் கலைமான்.
நாற்பத்தொரு யூரோ அறுபது சென்ட் இருந்தது என்று
இல்போ சொன்னார். அவர் புள்ளியியல்.
வெள்ளிக்கிழமை எண்ணினாராம்.
ஏன் எண்ணினார் என்று ஒருவரும் கேட்கவில்லை.
குளிர்பதனப் பெட்டியின் தலையில்
தூசி படியாத ஒரு வட்டம் மட்டும் மிச்சம்.

முப்பது வருடம் சிறைகளைக் குறைக்கச் சொல்லிக்
குழு குழுவாகப் போய்த் தொண்டை வற்றிய கெர்த்து
ஒரு சின்னக் கேமரா போதும் என்றார்.
சொன்ன பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
துடைத்ததையே துடைத்தார்.
பாதிக்கப்பட்டோரைப் பற்றிப் பாடம் எடுக்கும் பிர்க்கோ
போன வாரம் தான் போட்ட ஐந்து யூரோத் தாளைப் பற்றி
ஆறு நிமிடம் பேசினார்.
"அது வெறும் பணமல்ல" என்றபோது குரல் உடைந்தது.
மாணவப் பிரதிநிதி ஹில்லா
சிரிப்பை இருமலாக மாற்றினாள்.
இல்போ பலகையில் கட்டம் போட்டார்:
சாவி உள்ளவர்கள், சனிக்கிழமை வந்தவர்கள்,
பால் சேர்ப்பவர்கள், சேர்க்காதவர்கள்.

ஓஸ்மோ சன்னலோரம் இருந்தார்.
வங்கி ஒன்று, தபால் வண்டி இரண்டு,
உள்ளே ஒன்பது வருடம்.
அங்கேயே பட்டம், இங்கே முனைவர்.
ஆய்வேடு கதவுகளைப் பற்றி:
உள்பக்கம் கைப்பிடி இல்லாத கதவுக்கு முன்னால்
மனிதன் எப்படி நிற்கக் கற்றுக்கொள்கிறான் என்று
இருநூற்று எண்பது பக்கம்.
எங்கள் விளம்பரத் தாளில் அவர் படம்தான் முதலில்.

யாரும் அவரைப் பார்க்கவில்லை.
எப்படிப் பார்க்கவில்லை என்றால்,
பதினொரு பேர் ஒரே நேரத்தில்
மேசையின் மரக்கோடுகளைப் படித்தார்கள்.
கெர்த்து தலையைத் திருப்பினார், பாதியில்
அது எந்தப் பக்கம் என்று தெரிந்து நிறுத்தினார்,
கழுத்து சுளுக்கினவர் போல.
நானும்தான்.
என் குறிப்பேடும் மேசைமேல்தானே இருந்தது.

அதில் எழுதினேன்:
"அனைவரும் மேசையைப் பார்த்தனர்."
மறுநாள் திருத்தம் வந்தது.
இது தீர்மானம் அல்ல, நீக்கவும்.
நீக்கினேன்.
"புதிய டப்பா வாங்கப்படும், பூட்டு உள்ளதாக" என்பது இருக்கிறது.

அன்று மாலை படகில் நாங்கள் இரண்டு பேர்,
ஒரு சைக்கிள்காரன், அவன் நாய்.
கரையோரம் அப்போதுதான் உறையத் தொடங்கிய தண்ணீர்
படகு பட்டுக் கிழிந்தது.
அக்கரைக்கு ஒன்றரை நிமிடம்.
பாதி ஆற்றில் ஓஸ்மோ சொன்னார்:
"யாராவது கேட்டிருக்கலாம்.
கேட்டிருந்தால் இல்லை என்று சொல்லியிருப்பேன்."
நான் கையுறையைச் சரிசெய்தேன்.
நாய் முதலில் இறங்கியது.
கேட்காமலே நானும்.

டப்பா கிடைக்கவில்லை.
புதியது சிவப்பு, தகரம், சாவி இல்போவிடம்.
காலை ஒன்பதுக்கு ஓஸ்மோ வருகிறார்,
காப்பி ஊற்றிக்கொள்கிறார், பால் சேர்ப்பதில்லை,
ஒரு யூரோவை எடுத்து
மற்ற எவரையும்விட ஒரு சாண் உயரத்திலிருந்து
விடுகிறார்.
நடை நெடுக அறைகளில்
தட்டச்சு ஒரு நொடி நிற்கிறது.