சரக்கு இருப்பு

குளச்சலிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து
தக்கலையில் என் கடை ஷட்டர் ஏறும் முன்பே
படியில் நிற்பார் பெர்க்மான்ஸ் அண்ணன்.
கையில் அதே ஃபைல்.
ஜூலை மழை அதன் ஒரு மூலையை
வருஷத்துக்கு ஒருதரம் நனைத்து ஊத வைத்திருக்கிறது.

"போடு பிள்ளே, எனக்க நட்டத்த."

ஆறு லட்சத்து நாற்பத்தோராயிரத்து முந்நூற்றுப் பத்து.
அவருடைய பான் எண்ணைப் பார்த்துத்தான் அடிக்கிறேன்.
இதை, பார்க்காமல்.

முட்டத்தில் ஐஸ் பிளாண்ட் வைத்திருந்தார்.
அமோனியா கம்ப்ரசர், நூற்றிருபது கேன்,
ஒரு மாதக் கரண்டு பில்லில் ஒரு கல்யாணம் நடத்தலாம்.
பூட்டிய பிறகு என்னிடம் வந்தார்,
ஜூலை முப்பத்தொன்று, ராத்திரி.
"மார்ச் கடைசி நாள் சரக்கு இருப்பு எவ்வளவு?"
அப்போது எனக்குத் தொழில் புதுசு,
எல்லாக் கட்டத்தையும் கேட்பேன்.
கொஞ்சநேரம் தரையைப் பார்த்தார்.
"ஐஸுக்கு எவன் இருப்பு எழுதுவான்?
வெள்ளமாட்டு போச்சு."
பூஜ்யம் அடித்தேன்.

கரண்டு போய், இன்வெர்ட்டர் கூவி,
பதினொன்று நாற்பத்தேழுக்கு ஏறியது ரிட்டர்ன்.
அதே பன்னிரண்டு மணிக்காகத்தான்
துறைமுகத்தில் விசைப்படகுகளும்
தடைக்காலம் முடியக் காத்துக் கிடந்தன,
வேறு எவனுடைய ஐஸையோ நிரப்பிக்கொண்டு.

பதிமூன்று நிமிஷம் பிந்தியிருந்தால்
அதைச் சுமந்துபோக வழியில்லை.
சட்டத்தின் கண்ணில் வெறும் துக்கம்.

எட்டு வருஷம் சுமக்கலாம்.
வியாபார லாபத்தில் மட்டும் கழிக்கலாம்,
சம்பளத்தில் கூடாது.
அவரோ இப்போது திங்கள்நகரில் ஒரு ஆஸ்பத்திரியின்
ஜெனரேட்டர் ரூமில், மாசம் பத்தொன்பதாயிரம்.
அதற்கு வரியே கிடையாது.
கழிக்க லாபமில்லை, கழித்தாலும் மிச்சமில்லை,
வெறுதே எதுக்கு அண்ணா என்று
மூன்றாம் வருஷம் சொல்லிப் பார்த்தேன்.
எழுநூற்றைம்பதை எண்ணி மேசையில் வைத்துவிட்டு
சாயா வாங்கப் போனார்.
எனக்கும் சேர்த்து.

என் படிவத்தில் ஏறாதவை உண்டு:
மச்சினன் துண்டுச்சீட்டுகூட இல்லாமல் தந்த இரண்டு லட்சம்.
ஜெசிந்தாள் அக்காவின் காசுமாலை.
பாதிப் பங்கு என்று சொல்லிக் கையடித்து
ஓர் ஓணத்துக்குப் பிறகு
சவூதியிலிருந்து மட்டும் பேசிய கிளாட்வின்.
அவற்றை எங்கே போடுவாய் என்று
அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

இது எட்டாவது.
அடுத்த ஜூலையில் அந்தக் கட்டம் காலி.
சொல்லித்தான் ஆகவேண்டும், சொன்னேன்.
"பின்ன அது எங்க போவும்?"
எங்கயும் போகாது அண்ணா. காலாவதி.
"மீனு மாதிரி," என்றார்.

பிறகு சட்டைப் பையைத் துழாவி ஒரு தாள்.
மண்டைக்காட்டுக் கொடைக்கு நாலு நாள்
சர்பத் கடைக்காரனுக்கு ஐஸ் எடுத்துக் கொடுத்த கணக்கு,
வண்டிக்கூலி, மரத்தூள், சாக்கு எல்லாம் போக
லாபம் ஆயிரத்து நூற்று அறுபது.
"இது வியாபாரம்தானே பிள்ளே?"
வியாபாரம்தான்.

கழித்தேன்.
ஆறு லட்சத்து நாற்பதாயிரத்து நூற்றைம்பது.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்து
ஒவ்வோர் இலக்கமாக வாசித்தார்.
"கொறஞ்சிருக்கில்லா?"
கொறஞ்சிருக்கு.

பிரிண்ட் கேட்டார்.
கலரில்.