ஒற்றைத் தட்டு

எங்களிடம் சுழலும் தட்டு ஒன்றே ஒன்று.
ஒரு பாட்டு முடிந்ததும்
ஊசியைத் தூக்கி, இசைத்தட்டைக் கழற்றி,
உறையில் போட்டு, அடுத்ததை உருவி,
சட்டை நுனியில் தூசி துடைத்து
மறுபடி ஊசி வைக்கப்
பதினோரு நொடி.
அந்தப் பதினோரு நொடியும் காற்றில் போனது.

சான் ஜோசெப்பில், பெட்ரோல் பங்குக்குப் பின்னால்,
கோழிக்கூண்டாக இருந்த தகரக் கொட்டகை.
எண்பத்திரண்டு, கரும்பு வெட்டு ஓய்ந்த டிசம்பர்.
கோழி விற்ற காசில் ஒலிபரப்பி வந்தது.
ஒரு சேவல் மட்டும் விலை போகவில்லை.
பெயின்ட் மிச்சமிருந்த அளவுக்குச் சுவரில் எழுதினோம்:
ரேடியோ பசால்ட்.
எரிமலை கக்கி ஆறிய கல்.

ழிஸ்லேன் நரசிகேன்தான் பேசுவாள்.
நரசிங்கன் என்று கப்பலேறிய பெயர்
பதிவேட்டுக்காரன் காதில் இரைச்சலோடு விழுந்து
நரசிகேன் ஆயிற்று.
"அலைவரிசை சரியாகப் பிடிக்கவில்லை" என்பாள்,
சிரிக்காமல்.

பதினோரு நொடியில் என்ன சொல்ல முடியும்?
சில நாள் மணி. சில நாள் மீன் விலை.
ஒருமுறை: "மாக்சிம், கேஸ் அடுப்பை அணைக்கச் சொல்கிறாள் உன் அம்மா."
பல நாள் ஒன்றுமே இல்லை;
தகரத்தில் மழை, சேவல், நாற்காலியின் முனகல்.
அப்புறம் கிதார் இறங்கும்,
பிரேக் அறுந்த கரும்பு லாரி மாதிரி.

நான் கோபுரம் ஏறுகிறவன்.
கோபுரம் என்பது பெரிய வார்த்தை,
மூன்று தண்ணீர்க் குழாய், பற்றவைத்தது.
மலைக்குப் பின்னால் நாங்கள் கேட்க மாட்டோம்.
கிரான் கூட் மேட்டில் மட்டும்
ஜெரேனியம் காய்ச்சும் கொப்பரைப் பக்கத்தில்
ஈரக் கம்பியைப் பிடித்து நின்றால் கேட்குமாம்.
அப்படி நின்றே முழு ஆல்பம் கேட்டதாக
ஒருவர் கடிதம் போட்டார்.
பாட்டுக்குப் பாட்டு கை மாற்றிக்கொண்டாராம்,
அந்த இடைவெளியில்.

எண்பத்தாறில் லிச்சி வியாபாரியின் விளம்பரக் காசில்
இரண்டாவது தட்டு.
பாட்டோடு பாட்டு ஒட்டியது, தையல் தெரியாமல்.
அன்றிரவே பதினேழு தொலைபேசி.
ரொட்டிக் கடைக்காரர்: "அடுப்பைப் பார்க்க நான் எப்போது போவது?"
ஒரு பெண்: "பிள்ளை அந்தச் சந்தில்தான் கண் அசரும்."
யாரோ: "சேவல் செத்துப்போச்சா?"
புதுத் தட்டைத் துணி போட்டு மூடினோம்.
நாளடைவில் அதன்மேல் காபிக் கோப்பைகள்.

புயல் வந்த வருடம்
குழாய்கள் வளைந்து கடலைக் காட்டி நின்றன.
பற்களுக்கிடையில் கம்பியோடு நான் மேலே;
கீழே லாரி பேட்டரியில் அவள்.
பாட்டே இல்லை அன்று.
காணாமல் போனவர்களின் பெயர்களைப் படித்தாள்.
ஒவ்வொரு பெயருக்குப் பின்னும் நிறுத்தினாள்.
எத்தனை நொடி என்று
நான் எண்ணவில்லை.

பிறகு விற்றோம்.
சண்டை போட்டுத்தான் விற்றோம்.
நான் எந்தப் பக்கம் என்று சொல்ல மாட்டேன்;
பத்திரத்தில் கையெழுத்து இருக்கிறது.
இப்போது சான் தெனியில் கண்ணாடிக் கட்டடம்,
அதே அலைவரிசை எண், வேறு பெயர்.
கணினி பாட்டு எடுத்துக் கொடுக்கிறது.
இரண்டு நொடி மௌனம் வந்தால் மணி அடித்து
கைபேசிக்குச் செய்தி போகும்.
என் கைபேசிக்கு.
கோபுரம் ஏற அவர்களுக்கும் ஆள் வேண்டுமே.

போன மாதம் அடித்தது,
விடியற்காலை மூன்றே முக்கால்.
வண்டியில் உட்கார்ந்து ரேடியோவைத் திருகினேன்.
வெறும் இரைச்சல்.
ஏழு, எட்டு என்று வாய் எண்ணுகிறது.
பதினொன்றைத் தாண்டியதும் சாவியைப் போட்டேன்.

பாதி வழியில் ழிஸ்லேனிடமிருந்து ஒரு வரி:
"யார் தட்டு மாற்றுவது, இவ்வளவு நேரம்?"

மேலே ஏறி, பெட்டியைத் திறந்து, துடைத்து மூடிவிட்டு
ஈரக் கையால் பதில் அடித்தேன்:
"பல்லி."