வெறும் வண்டியின் எடை

வியாழக்கிழமை நான் நன்றாக ஓடினேன்.
அதுதான் பிரச்சினை.
மூன்று கிலோமீட்டர், நிற்காமல்,
காசிமேட்டு ஐஸ் ஃபேக்டரி தாண்டி
கல் கொட்டிய கரையோரம்
யாரோ என்னை ஓட்டிப்போனது போல.
வீட்டுக்கு வந்து
கெண்டைக்காலைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டேன்,
புது வளையல் போட்டவள் மாதிரி.

இன்றைக்குச் சனி.
அதே ஷூ. அதே ஐந்தரை மணி.
அதே பாதி வாழைப்பழம்.
தண்டையார்பேட்டையில் கிளம்பி
எண்ணூர் விரைவுச்சாலையைத் தொடுவதற்குள்
இரண்டு காலிலும் யாரோ
ஈரச் சிமெண்ட் ஊற்றிவிட்டார்கள்.
மூச்சு, பழைய ஆட்டோவில் சாவி திருகுவது போல
வந்து வந்து அணைகிறது.

காரணம் தேடினேன்.
நேற்று ராத்திரிக் கருவாடா,
தண்ணீர் லாரிக்காக இரண்டு மணிக்கு எழுந்ததா,
மணலிப் பக்கமிருந்து வரும்
அழுகின முட்டைக்கோஸ் காற்றா.
ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன்.
வியாழக்கிழமையும் இதெல்லாம் இருந்தது.

துறைமுகத்துக்குள் போகக் காத்து
ஓரமாக நிற்கின்றன கண்டெய்னர் லாரிகள்,
ஒன்றின் முதுகில் ஒன்று, கண்ணுக்கெட்டிய வரை.
டயர் மறைவில் யாரோ ஸ்டவ் பற்றவைக்கிறார்.
பல் துலக்கிக்கொண்டிருந்த டிரைவர் ஒருவர்
நுரையோடு கேட்டார்:
"இன்னா மேடம், பிரேக்டவுனா?"
முட்டியில் கை ஊன்றிக் குனிந்திருந்த நான்
தலையை மட்டும் ஆட்டினேன்.
"லோடா, காலியா?"
சிரிப்பு வந்தது, சிரிக்க மூச்சு இல்லை.
"காலிதான்."
"காலியே இந்த இழு இழுக்குதா"
துப்பிவிட்டுக் கேபினில் ஏறிவிட்டார்.

எனக்கு வேலை எடைமேடையில்,
எட்டு வருடமாகக் கண்ணாடிக் கூண்டுக்குள்.
லோடு வண்டி ஏறும், எண் எழுதுவேன்.
இறக்கிவிட்டு வெறும் வண்டி திரும்பும், எண் எழுதுவேன்.
கழித்தால் சரக்கு.
வெறும் வண்டிக்கு ஒரே எடை என்றுதான்
வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள்.
அதே வண்டி, அதே நம்பர் பிளேட்,
செவ்வாய்க்கிழமை எண்பது கிலோ கூட இருக்கும்.
டேங்கில் டீசல், பலகையில் ஊறிய மழை,
சீட்டுக்குப் பின்னால் தூங்கும் கிளீனர் பையன்.
சில நாள் இது எதுவும் இல்லாமலே கூட இருக்கும்.
ஏன் கனக்கிறாய் என்று
எந்த லாரியையும் நான் கேட்டதில்லை.
எண்ணை அடிப்பேன், சீட்டைக் கிழிப்பேன்,
போலாம் என்று கை காட்டுவேன்.

என் காலுக்கு மட்டும்
ஒன்றரை மாதமாக விசாரணைக் கமிஷன்.

ஒரு லாரி நீளம் நடந்தேன்.
அடுத்த லாரி நீளம் ஓடினேன்.
நாற்பதடிப் பெட்டி வந்தால் என் தலைவிதி,
இருபதடி வந்தால் அதிர்ஷ்டம்.
நீலம், துருச் சிவப்பு, பெயர் அழிந்த பச்சை.
ஒரு கேபின் கதவு முகத்துக்கு நேரே திறந்தது,
அதற்கு ஒரு நடை இலவசம்.
ஒரு நாய் என்னைத் துரத்தத் தொடங்கி
பாதியில் மனம் மாறிப் படுத்துக்கொண்டது.

மூன்று என்று நினைத்தது
ஒன்று புள்ளி எட்டில் முடிந்தது.
கரைக் கல்லில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினேன்.
உள்ளே கல் இல்லை, மணல் இல்லை.
தட்டியும் பார்த்தேன்.

சமையலறைக் காலண்டரில்
வியாழக்கிழமைக் கட்டத்தில் மூன்று,
பக்கத்தில் ஒரு பூ, வெட்கமில்லாமல் நான் வரைந்தது.
சனிக்கிழமைக் கட்டத்தில் 1.8 எழுதினேன்.
பக்கத்தில் ஏதோ எழுதப்போய்
பேனாவை மூடிவிட்டேன்.

முதல் வண்டி வருமுன்
மேடையில் நானே ஏறி நின்றேன்.
கூண்டுக்குள்ளிருந்து லூர்து கத்தினாள்: "அறுவது!"
வியாழக்கிழமையும் அறுபதுதான் காட்டியது.
இருபது கிலோவுக்குக் கீழே
அதற்குக் கண் தெரியாது.
பின்னால் ஹாரன் அடித்தார்கள்.
இறங்கும்போது முட்டி வலித்தது.
"திங்கக்கிழமை போவியா?" என்றாள்.
சீட்டுக் கட்டைப் பிரித்துக்கொண்டே
ம் என்றேன்.