சீப்பு

வெள்ளகோவில் சந்தையில்
கரண்டு பில்லைக் கொளுத்தியபோது
சென்னியப்பனுக்கு முப்பத்தொண்ணு.
கோவை ஜெயிலில் நாற்பது நாள்.
வந்ததும் முருங்கைக்கு விலை கேட்டார்,
பிறகு ஓட்டு.
கூட்டணிப் புண்ணியத்தில் ஒரே ஒருதரம் ஜெயித்தார்.

சட்டசபையில்
"பி.ஏ.பி. கடைமடைக்கு..." என்று எடுத்ததும்
மணி அடித்துவிட்டார்கள்.

கட்சி ரெண்டாச்சு, நாலாச்சு.
ஏர் போய்த் தராசு வந்தது,
தராசும் போய்ச் சீப்பு.
"சீப்புக்குப் போடுங்க" என்று
வழுக்கையைத் தடவிச் சிரிப்பார்.
டெபாசிட் போன கணக்கை நான்தான் எழுதி வைத்தேன்.

நேற்று அவர் காட்டில்
உயர்மின் கோபுரத்துக்குக் குழி எடுத்தார்கள்.
மறியலுக்கு ஏழு பேர்.
பச்சைத்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு
குழிக்குள் இறங்கி உட்கார்ந்தார்.

இன்ஸ்பெக்டர் சின்னப் பையன்.
குனிந்து, "நீங்க யாருங்க?" என்றான்.

வெகுநேரம் யோசித்து,
"கடைமடைங்க" என்றார்.