மற்றவை

ஞாயிறு மாலை படிவம் நிரப்புவது என் வேலை.
கையெழுத்து நன்றாயிருக்கிறதாம்.
உண்மையில், ஏணி ஏறுவதில் நான்தான் கடைசி.
வண்டிக் கொட்டகையில் ஹீட்டர் இருமுகிறது.
உலரத் தொங்கவிட்ட குழாய்கள்
சொட்டுச் சொட்டாய்த் தங்கள் வாரத்தை மறக்கின்றன.
வெர்மான்ட், பிப்ரவரி, வெளியே மைனஸ் இருபத்தொன்று.

பன்னிரண்டு நாளில் ஒன்பது அழைப்பு.
அதில் நெருப்பு இரண்டே இரண்டு.

நெருப்பில்லாமல் புகையாது என்பார்கள்.
இந்த ஊரில் புகையே இல்லாமல் மணி அடிக்கும்.
கணக்குப் பரீட்சையன்று பள்ளியில் எவனோ
சிவப்புப் பிடியை இழுத்துவிட்டான்;
முந்நூறு பிள்ளைகள் பனியில், கோட்டில்லாமல், மகிழ்ச்சியாக.
பால் லாரி ஒன்று பாலத்தருகே கவிழ்ந்தது.
வெண்மைமேல் வெண்மை; எது சேதம் என்று
ஓட்டுநர்தான் காட்ட வேண்டியிருந்தது.
லூசியென் கோத்தியேவின் வாத்து
ஆற்றுப் பனிக்கட்டியில் உறைந்து ஒட்டிக்கொண்டதாக ஒரு போன்.
போய்ப் பார்த்தால் மரவாத்து.
அவர் அதைச் சொல்லவேண்டாம் என்றார்.
படிவத்தில் நான் 'பறவை' என்று மட்டும் எழுதினேன்.

பிறகு ஜோலீன் ஃபார்னமின் வீடு.
நாங்கள் போனபோது கூரை தன்னைத்தானே
மடித்து வைத்துக்கொண்டிருந்தது.
தண்ணீர் குழாயைவிட்டு வெளிவரும் முன்பே பனியானது,
தெளித்த துளி எங்கள் தொப்பிகளில் ஒட்டிக் கண்ணாடியானது.
எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்றால்
ஜோலீனின் லாபம் ஒரு வாணலி மூடி.
மூடி மட்டும். வாணலி உள்ளே.
அதை மார்போடு அணைத்தபடி விடியும்வரை நின்றாள்.
'மீட்கப்பட்ட பொருட்கள், மதிப்பு' என்று ஒரு கட்டம் இருக்கிறது.
எவ்வளவு போடுவது என்று தலைவர் ராய்ஸைக் கேட்டேன்.
கையுறையை உதறிக்கொண்டே இருந்தார்.

ஒன்பதாவது, நேற்று அதிகாலை இரண்டு நாற்பது.
பழைய கல்குவாரிப் பாதை, மெர்ல் டட்டில்.
"தீயணைப்புப் படையா? இங்கே எதுவும் எரியவில்லை."
போனில் இருந்த பெண் மறுபடி கேட்டாளாம்.
"அதைத்தான் சொல்கிறேன். எதுவுமே எரியவில்லை."

விளக்கைச் சுழற்றிக்கொண்டு போனோம், ஆறு பேர்.
எண்ணெய்த் தொட்டி காலி; சனிக்கிழமை லாரி வராது.
சமையலறைக் குவளையில் தண்ணீர் கல்லாயிருந்தது.
மெர்ல், மூன்று கோட்டுகளுக்கும் ஒரு நாய்க்கும் அடியில்
மூக்கு மட்டும் தெரியப் படுத்திருந்தார்.
"வேறு யாரைக் கூப்பிடுவதென்று தெரியவில்லை" என்றார்.
"உங்கள் நம்பர்தான் சுவரில் இருந்தது."

மூலையில் ஒரு விறகு அடுப்பு, வருடக்கணக்காய்த் திறக்காதது.
புகைபோக்கியில் ஒரு பழைய பறவைக்கூடு.
ராய்ஸ் அதைக் கொக்கியால் இழுத்துப் போட்டார்.
கதவு உடைக்கும் கோடரியால்
மெர்லின் சம்மதத்துடன் ஒரு நாற்காலியைப் பிளந்தோம்.
யாரிடமும் தீப்பெட்டி இல்லை. எங்களில் ஒருவரிடமும்.
மெர்லே தலையணைக்கடியிலிருந்து எடுத்துத் தந்தார்.

பிறகு தலைக்கவசத்தைக் கழற்றி வைத்துவிட்டு
ஆறு தீயணைப்பு வீரர்கள் மண்டியிட்டு
ஒரு சின்னத் தீயை
ஊதினோம், மாறி மாறி,
அணைந்துவிடாதே அணைந்துவிடாதே என்று.
நாய் வந்து எங்களுக்கு நடுவே உட்கார்ந்தது.

படிவம் கேட்கிறது:
அழைப்பின் வகை. 'மற்றவை'யில் டிக் போட்டேன்.
தீ உண்டானதற்குக் காரணம்: நாங்கள்.
சேதம்: நாற்காலி ஒன்று.
தீ அணைக்கப்பட்ட நேரம்.

அந்தக் கட்டத்தின்மேல் பேனாவைப் பிடித்தபடி இருந்துவிட்டு
சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன், பின்னால் நாலு கட்டு விறகுடன்.
கல்குவாரிப் பாதைத் திருப்பத்தில் வண்டியை நிறுத்தினேன்.
மெர்லின் கூரைக்குமேல் புகை, நேராக.
நான் யாருக்கும் தகவல் சொல்லவில்லை.