இடது பக்கம் கொஞ்சம் மங்கல்

டோங்குவானில், ஏழுமாடிக் கட்டடத்தின் ஐந்தாம் மாடியில்,
முட்டை அட்டை போலக் குழிவிழுந்த நுரைச் சுவர்களுக்குள்
ஒரு நாற்காலி, ஒரு விளக்கு, நான்.
என் வேலை கேட்பது.
சம்பளச் சீட்டிலும் அப்படித்தான் இருக்கிறது:
மோ சியூயென், காது.

பத்தொன்பது யுவான் இயர்போன்.
அதில் மூன்று யுவான் பெட்டிக்கு,
இரண்டு, பெட்டியின் மேல் மினுங்கும் பொன்னெழுத்துக்கு.
மிச்சத்தில்தான் இசை.

முதலில் ஒற்றைச் சுரம் ஒன்று ஓடவிடுவார்கள்.
தரையடியில் லாரி உறுமுவதுபோலத் தொடங்கி
மேலே மேலே ஏறி
கொசுவாகி, ஊசியாகி,
பிறகு இல்லாமல் போகும்.
வழியில் எங்காவது பல்லுடைந்த சீப்பாய்த் தடுக்கினால்
அந்த ஜோடி சிவப்புக் கூடைக்கு.

அடுத்து பாட்டு. தினமும் அதே பாட்டு, அதே நாற்பது விநாடி.
பாடகியின் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது.
பதினோராம் விநாடியில் அவள் மூச்சிழுப்பாள்.
மட்டமானதில் அது துணி கிழிகிற சத்தம்.
நல்லதில், என் பிடரிக்குப் பின்னால் ஒருத்தி.
திரும்பிப் பார்த்திருக்கிறேன், இருமுறை.

முதலாளி பாங் பேஸைக் கேட்பார், வேறொன்றும் கேட்கமாட்டார்.
"பஸ்ஸில் தொங்குகிறவனுக்கு மூச்சு எதற்கு? இடி கொடு."
இடி கொடுத்தோம்.
பாடகி முழங்கால் சேற்றில் நின்று பாடினாள்.

கடைசியாக எண்கள்.
எங்கள் தெற்கத்தி நாக்கில் நாலும் பத்தும் ஏறக்குறைய ஒன்றே;
சந்தையில் விரல் காட்டித்தான் தப்பிக்கிறோம்.
வடக்கத்தி அறிவிப்பாளர் ஒருவர்
நாற்பத்து நான்கு, நாற்பத்து நான்கு என்று வாசிக்கும் பதிவு உண்டு.
ஸகரம் தனியாக, ஷகரம் தனியாக விழுந்தால் தேர்ச்சி.
இரண்டும் ஒரே சீறல் என்றால்
அது என்னைப்போலப் பேசுகிறது.
வெளியே அனுப்ப முடியாது.

நவம்பரில் இடது பக்கம் மங்கியது.
செவ்வாய் முப்பது ஜோடி. புதன் நூற்றுப் பன்னிரண்டு.
வியாழன் எண்ணவில்லை.
சிவப்புக் கூடை நிரம்பி, நீலக் கூடைக்குச் சிவப்புத் துணி கட்டினார்கள்.
கீழ்மாடியில் பசை ஒட்டுகிறவர்களை வரிசையாக நிற்கவைத்துத் திட்டு.

வெய் பிங்லான் வரிசையில் நிற்கவில்லை.
நேரே மேலே வந்தாள்,
பசை காய்ந்த விரல்களால்
என் காதுகளிலிருந்து இரண்டையும் பிடுங்கி
மாற்றிச் செருகினாள்,
இடதை வலதில், வலதை இடதில்.
"இப்போது சொல்."

பதினோராம் விநாடி.
குறையுள்ள இடது, என் வலது காதில்
முழு மூச்சு இழுத்தது.
மங்கல் இடம் மாறவில்லை.
என்னோடேயே உட்கார்ந்திருந்தது.

சந்தேகம் வந்தால் மாற்றிக் கேள்:
சுவரில் நானே எழுதி ஒட்டிய தாள்,
என் தலைக்கு மேலே, நாலு வருடமாக.

பிங்லான் திட்டவில்லை. ஒற்றை விரலால்
என் இடது காதோரம் தட்டிப் பார்த்தாள்,
தர்பூசணி வாங்குகிறவள்போல.

கூடைகள் அன்று காலையே எடைக்குப் போயிருந்தன,
கிலோ இருபத்தாறு யுவான், ஷென்சென் சந்தைக்கு.
ஒரு குறையுமில்லாத முந்நூற்றுச் சொச்சம் ஜோடி.
யாரோ ஒரு பையன் அதையும் பேரம் பேசி வாங்கி
மெட்ரோவில் செருகிக்கொண்டு
இந்த விலைக்கு இவ்வளவா என்று நினைத்திருப்பான்.
நினைக்கட்டும்.

பாங்கிடம் நான் சொல்லவில்லை. அவளும்.
இப்போது ஒவ்வொரு ஜோடியையும் வலது காதாலேயே
இருமுறை கேட்கிறேன். நேரம் இரட்டிப்பு,
மதியச் சோறு பாதி.

இரவு விடுதியில் வலப்பக்கம் ஒருக்களித்து
நல்ல காதைத் தலையணையில் புதைத்தால்
அறையின் ஏழு குறட்டைகளும்
பத்தொன்பது யுவானுக்குக் கேட்கின்றன.
பேஸ் தூக்கல்.
மேலே ஒன்றுமில்லை.
நாலா பத்தா என்று தெரியவில்லை.
விலைக்கு மோசமில்லை.